மிக்சிக்கு ஒரு பாவாடை

எண்பதுகளில் எங்கள் பக்கத்து நடுத்தர வீடுகளில் மனிதர்களைவிடப் பொருட்கள்தான் கௌரவமாக உடுத்தியிருந்தன. தாத்தா வெறும் மேல்துண்டோடு திரிவார். ரேடியோ முழுக்கைச் சட்டை போட்டிருக்கும். டி.வி. வந்தபோது அதற்கு மரக்கதவு இருந்தது. கதவு போதாது என்று எம்ப்ராய்டரி போட்ட திரை ஒன்றும் தொங்கியது. மிக்சிக்குச் சுருக்கம் வைத்த பாவாடை. டெலிபோனுக்கு உல்லன் நூலில் ஓர் உறை, ரிசீவருக்குத் தனியாக இன்னொன்று. ஃபிரிட்ஜின் தலையில் குரோஷா விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பூ ஜாடி, ஜாடிக்கு அடியில் இன்னொரு சின்ன வட்ட விரிப்பு. நாற்காலி முதுகில் முக்கோணத் துண்டு. சாய்கிறவர் தலையின் தேங்காய் எண்ணெய் நாற்காலியில் படாமல் இருக்க அது என்பார்கள். ஆனால் எண்ணெய்த் தலையோடு யாராவது சாய்ந்துவிட்டால் அம்மா பதறியது துண்டுக்காகத்தான்.

இத்தனைக்கும் ஊர் பாளையங்கோட்டை. சித்திரை வெயிலில் தோலே அதிகப்படி உடுப்பு என்று தோன்றும். அங்கேதான் கோடையில் பிறந்த குழந்தைக்கும் உல்லன் தொப்பி, உல்லன் காலுறை, கழுத்தில் இழுத்துக் கட்டக் குஞ்சம் வைத்த நாடா. குழந்தை வீறிட்டு அழும். “பசி போல” என்பார்கள்.

இவ்வளவையும் பின்னித் தள்ளிய பெண்களில் ஒருத்தியாவது, “எனக்கு இது பிடிச்சிருக்கு, அதனால பின்னுதேன்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிடித்திருக்கிறது என்பதை அந்நாளில் யாரும் ஒரு காரணமாகவே மதிக்கவில்லை. ஊசியைக் கையில் எடுத்தால் கூடவே ஒரு நியாயத்தையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆச்சிக்கு நியாயம்: “பொம்பளப் பிள்ள கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா வீட்டுக்கு ஆகாது.” அப்பாவுக்கு: “கடையில வாங்கினா முப்பது ரூபாய்.” நூலுக்கு மட்டும் நாற்பது ஆனதை அப்பாவிடம் யாரும் சொல்வதில்லை. அம்மாவின் நியாயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு. அது கல்யாணம்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கேசரி கிண்டுவதற்கு முன்பே கண்காட்சி தயாராகும். சுவரில் சட்டம் போட்ட மயில். திவானில் இரண்டு புறாக்கள். வாசல் நிலைக்கு மேலே மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போட்ட ‘வெல்கம்’. தலையணைகளில் ‘குட் நைட்’, ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. அந்த வீட்டில் யாரும் ஆங்கிலத்தில் தூங்கியதில்லை. மாப்பிள்ளையின் அம்மா சுற்றிலும் கண்ணை ஓட்டுவார். “பொண்ணுக்குக் கைவேலை எல்லாம் தெரியும்” என்று தரகர் எடுத்துக் கொடுப்பார். கைவேலை தெரியாத பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், கடன் வாங்கினார்கள். என் பெரியம்மா மகள் போட்ட மயில் எங்கள் தெருவில் மூன்று பெண்களைக் கரையேற்றியது. நான்காவது வீட்டில் சுவரைப் பார்த்த ஒரு மாமியார், “இந்த மயிலுக்கு இன்னும் வரன் அமையலையா?” என்று கேட்டதாகத் தெருவில் கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும், நன்றாக இருக்கிறது.

பள்ளியில் தையலுக்கென்று தனியாகப் பீரியடு உண்டு. எங்கள் தையல் டீச்சர் புதிதாகக் குரோஷா ஊசி பிடிக்கிறவளிடம், “பூக்கட்டத் தெரியும்லா? வாழை நார்ல சுருக்குப் போட்டு இழுக்கத் தெரிஞ்சவளுக்கு இது என்ன கம்பசூத்திரமா?” என்பார். எம்ப்ராய்டரிக்கு வேறு விதிகள். படத்தைத் துணியில் இறக்க, காகிதத்தில் படம் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைப் பஞ்சால் தேய்க்க வேண்டும். வகுப்பு முழுக்க ரேஷன் கடை வாசம் அடிக்கும். ஆங்கர் நூல் கண்டு ஒன்றில் எட்டு மீட்டர், ஆறு இழை. மூன்று இழையில் தைக்கச் சொன்ன இடத்தில் இரண்டில் தைத்தால் நூல் மிச்சமாகும் என்பது பெண்கள் அனைவரும் அறிந்த ரகசியம், டீச்சரும் அறிந்ததுதான். ஆனால் அவர் பிடிப்பது அங்கே இல்லை. துணியை வாங்கியதும் முதலில் திருப்புவார். முன்பக்கம் ரோஜா மலர்ந்து கிடக்கும்; அதை அவர் பார்க்கவே மாட்டார். பின்பக்கம் முடிச்சு துருத்துகிறதா, ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்கு நூல் குறுக்கே தாவியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். தாவியிருந்தால் ஒரே சொல்: “பிரி.”

எங்கள் பக்கத்தில் இந்தக் கைவேலைக்கு ஒரு பரம்பரை உண்டு என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. கால்டுவெல்லைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஒப்பிலக்கணம் எழுதினார், சென்னைக் கடற்கரையில் சிலையாகவும் நிற்கிறார். அவர் மனைவி எலைசாவுக்குச் சிலை இல்லை. 1844-ல் அவரை மணந்து இடையன்குடிக்கு வந்தவர், அந்தத் தேரி மணலில் பெண் பிள்ளைகளை உட்கார வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது அவருக்குத் தாய்வீட்டுச் சீதனம். அம்மா மார்த்தா மால்ட் 1820-களிலேயே நாகர்கோவிலில் லேஸ் வேலையைத் தொடங்கி வைத்திருந்தார். தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ் அது. திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது, 1855-ல்தான் ஒழிந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். அங்கே கன்னியாஸ்திரீகள் குரோஷா ஊசியைக் கொடுத்துப் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தார்கள். இங்கே விடுதலை, அங்கே சோறு. இவ்வளவு கனமான காரணங்களுக்காக ஊருக்குள் வந்த வேலையை நானும் என் வகுப்புப் பெண்களும் எட்டு மார்க்குக்குச் செய்துகொண்டிருந்தோம்.

பிடித்துப்போய்ப் பின்னுகிற ஒத்த மனசுக்காரர்கள் அன்றைக்கு இல்லாமலா இருந்தார்கள்? தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். எதிர்வீட்டில் ஒரு டீச்சரம்மா. பழைய பேப்பர் கடையில் சொல்லி வைத்து, லண்டனிலிருந்து வரும் ‘உமன்ஸ் வீக்லி’ பழைய இதழ்களை எடைக்கு வாங்குவார். அதிலிருக்கும் டிசைன்களை இரண்டடி தள்ளி நின்று காட்டுவார். கையில் தர மாட்டார். “அட, எவ்வளவு அழகா இருக்கு மயினி” என்று குனிந்து வியப்பதுபோல் அம்மா அவர் வீட்டு மேஜை விரிப்பில் சங்கிலிகளை எண்ணுவாள். காபி ஆறிப்போகும். வீட்டுக்கு வந்ததும் மறப்பதற்குள் காலண்டர் தாளின் பின்னால் குறித்துக்கொள்வாள். யாராவது மனமிரங்கிச் சொல்லிக்கொடுத்தாலும் எங்கேயோ ஒரு வரிசையை விழுங்கிவிட்டுத்தான் சொல்வார்கள். விரிப்பு தட்டையாக விழாமல் தொப்பிபோல் குவிந்துகொள்ளும். பாதி தொப்பிகள் அப்படி உருவானவையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நடுவில் வேலை, கல்யாணம், மாற்றல்கள். பாங்க் கவுண்டருக்குள் ஊசி நுழைய முடியாது. ரயிலில் மட்டும் பின்னினேன். எதிர் சீட்டில் இருப்பவர்கள் மணியாச்சிக்குள் கேட்டுவிடுவார்கள்: “எதுக்கும்மா இது?” பேரப்பிள்ளைக்கு என்று சொன்னால் திருப்தி. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இருந்தாலும் அந்தப் பதில்தான் செல்லுபடியானது.

பிறகு எல்லாப் பொருட்களும் உரிக்கப்பட்டன. டி.வி. சுவரில் ஏறித் தட்டையானது. அதற்குத் திரை போட்டால் பைத்தியம் என்பார்கள். டெலிபோன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. மிக்சி அம்மணமாக நிற்கிறது. மயில்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினோம். பிளாஸ்டிக் வயர் கூடைகளும் அப்படித்தான் மூலைக்குப் போயின. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு என்று விதவிதமாய்ப் போட்டுத் தள்ளிய கூடைகள். துணிக்கடைகள் பாலித்தீன் பையை இலவசமாய்க் கொடுக்க ஆரம்பித்ததும் அவற்றை வெளியே எடுத்துப்போக வெட்கப்பட்டோம். 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. உடனே வயர் கூடை சுற்றுச்சூழல் சின்னமாகிவிட்டது. முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணிக்குப் போகலாம். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அடுக்களையில் தயிர்ப்பானை தொங்கிய உறி, மேக்ரமே என்ற பெயரில் பால்கனியில் மணி பிளான்ட்டைத் தாங்கித் தொங்குகிறது. பூனை மட்டும்தான் பாக்கி.

பணி ஓய்வுக்குப் பிறகு மகள் ஒரு நல்ல போன் வாங்கித் தந்து, ஃபேஸ்புக்கில் ஒரு குரோஷா குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள். “அம்மா, ஒன்னய மாதிரியே ஆயிரக்கணக்குல இருக்காங்க” என்றாள். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று அப்போது பிடிபடவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் கதவே இல்லாத வீடு. கேட்காமலே சொல்லித் தருகிறார்கள். ஒரு வரிசைக்கு அரை மணி நேர வீடியோ, அதுவும் மெதுவாக, அதுவும் இடது கைக்காரர்களுக்குத் தனியாக. துருக்கியிலிருந்து ஒருத்தி, பிரேசிலிலிருந்து ஒருத்தி. மொழி வேண்டியதே இல்லை. படக் குறியீடுகள் உலகத்துக்கே பொது. நீள்வட்டம் என்றால் சங்கிலி, கூட்டல் குறி என்றால் குட்டைப் பின்னல், தலையில் ஒரு கோடும் நடுவில் ஒரு சாய்கோடும் போட்ட கம்பு என்றால் உயரப் பின்னல். பெயர்களை நம்பினால்தான் ஆபத்து. ‘டபுள் குரோஷே’ என்று பிரிட்டிஷ்காரர் சொல்வதும் அமெரிக்கர் சொல்வதும் வேறு வேறு பின்னல்கள். டீச்சரம்மாவின் லண்டன் பத்திரிகையில் வளர்ந்தவளுக்கும் அமெரிக்க வீடியோவில் வளர்ந்தவளுக்கும் குழுவில் வாரம் ஒரு சண்டை நிச்சயம். எதிர்வீட்டிலிருந்து எண்ணித் திருடி வந்த என் அம்மாவுக்கு இந்தத் தாராளத்தைக் காட்டியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். “சும்மாவா சொல்லித் தாரா? எந்த வரிசைய விட்டிருக்கான்னு பாரு.”

நான் முதலில் போட்டது ஒரு குஷன் உறையின் படம். பெட்டியிலிருந்து எடுத்த பழைய ரோஜா. இதயங்கள் மழையாகக் கொட்டின. “சூப்பர் சிஸ்”, “செம மேம்”, “வாவ் ஆன்ட்டி”. முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் இன்னொரு பெண் தன் முதல் முயற்சியைப் போட்டிருந்தாள். சதுரமாக இருக்க வேண்டியது எந்த வடிவமும் இல்லாமல் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதற்கும் அதே இதயங்கள், அதே சூப்பர், எண்ணிக்கையில் எனக்கு இரண்டு கூட. பாராட்டு இவ்வளவு மலிந்துபோன இடத்தில் தையல் டீச்சரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. படத்தில் முன்பக்கம்தானே தெரிகிறது. எல்லாரும் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு வாழ இதைவிட வசதியான இடம் உண்டா?

அப்போதுதான் ஒரு கமென்ட் வந்தது: “அக்கா, திருப்பிப் போட்டு ஒரு படம் போடுங்க.”

தூத்துக்குடிக்காரி. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். என் மகளைவிடச் சின்னவள். ஆன்ட்டி என்று கூப்பிடாததற்கே அவளுக்கு ஒரு கோயில் கட்டலாம். பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டேன். நெடு நேரம் பதில் இல்லை. பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் ஒரே சொல்: “சரி.” இருநூறு சூப்பருக்கு இடையில் அந்தச் ‘சரி’யைத்தான் நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் பிறகு அவளும் நானும் தினமும் பேசுகிறோம்.

ஒத்த மனசுக்காரர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் ஃபேஸ்புக்கில் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ குழு, 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையைச் சென்னையில் விரித்துக் கின்னஸில் ஏறியது. 11,148.5 சதுர மீட்டர். முகம் பார்த்திராத பெண்கள் ஊர் ஊராகப் பின்னி அனுப்பிய துண்டுகள். டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத, ஜனவரியிலும் மின்விசிறி நிற்காத சென்னையில் கம்பளிப் போர்வை! செய்தியைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் மனக்கணக்குப் போட்டார். “ரெண்டே முக்கால் ஏக்கர். நெல்லு போட்டிருந்தா எத்தன மூட்ட வந்திருக்கும்.” சித்தப்பாவுக்கு விவசாயம் போய் நாற்பது வருடமாகிறது, நியாயம் கேட்கும் பழக்கம் போகவில்லை.

எங்கள் குழுவில் விதிகள் உண்டு. அரசியல் கூடாது, மதம் கூடாது, ‘குட் மார்னிங்’ படம் கூடவே கூடாது. கடைசி விதியை மீறுகிறவர்கள்தான் அதிகம். தலையணையில் ‘குட் நைட்’ தைத்துப் பழகிய தலைமுறை, விடிந்தால் ரோஜாப்பூவோடு ‘குட் மார்னிங்’ அனுப்பாமல் எப்படி இருக்கும்? அரசியல் கூடாது என்பதும் சும்மா இல்லை. பின்னுகிறவர்கள் சாது என்று வெளியே ஓர் எண்ணம் இருக்கிறது. உலகப் பின்னல்காரர்கள் கூடும் ராவெல்ரி தளம் 2007-ல் தொடங்கியது. 2019-ல் டிரம்ப்பையும் அவர் ஆட்சியையும் ஆதரித்து யாரும் எதுவும் போடக் கூடாது என்று தடை போட்டு அமெரிக்காவையே பேச வைத்தது. எங்கள் அட்மின் அந்த அளவுக்குப் போக மாட்டார். எங்கள் குழுவில் பெரிய கலவரமே ஒரு முருகன் விக்கிரகத்துக்குப் பின்னிய சட்டையில் மயில் பச்சையா நீலமா என்பதில்தான் வந்தது.

விதிகளில் இல்லாத ஒரு விதி இருக்கிறது. எதைப் போட்டாலும் கீழே யாராவது வந்து “விலை?” என்று கேட்பார்கள். “ப்ரைஸ் ப்ளீஸ்”, “கொரியர் உண்டா சிஸ்?”, “டிஎம் பண்ணுங்க.” விற்பனைக்கு இல்லை என்று எழுதினால் ஒருவித மௌனம். ஒருத்தி நேரடியாகவே கேட்டாள்: “அப்ப ஏன் சிஸ் போட்டீங்க?” நியாயமான கேள்வி. ஆச்சி காலத்தில் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகப் பின்ன வேண்டியிருந்தது. இப்போது சும்மா பின்னக் கூடாது. சொந்தமாக ‘ஸ்மால் பிசினஸ்’ இல்லாத குரோஷாக்காரியைப் பார்த்தால் பாவம், இன்னும் வழி தெரியாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறார்கள்.

விற்கிறவர்கள் படும் பாடு தனி. நிஜக் குரோஷாவை வரிசை வரிசையாகப் பின்னித் தள்ளும் ஆலை மெஷின் கிடையாது. கடையில் முந்நூறு ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா மேல்சட்டையையும், அது மெஷின் போலியாக இல்லாவிட்டால், எவளோ ஒருத்தி கையால்தான் போட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அந்த விலையிலேயே எழுதியிருக்கிறது. ஆந்திராவின் நரசாபூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்பியவர்கள் அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறார்கள் என்று சொல்லியே கூலியைக் கீழே வைத்திருந்தார்கள். எங்கள் குழுவில் ஒரு குழந்தைச் சட்டைக்கு எண்ணூறு ரூபாய் சொன்ன பெண்ணிடம், “வீட்ல ஃப்ரீயா இருக்கும்போது போடறதுதானே சிஸ், கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று பேரம் பேசினாள் இன்னொருத்தி. நாற்பது வருடத்தில் அந்த வாக்கியத்தில் ‘சிஸ்’ மட்டும்தான் புதிது.

வியாபாரம் வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன. மன அழுத்தம் குறையும் என்பது முதலாவது. எங்கள் தெருவில் பின்னிய பெண்கள் எவருக்கும் அழுத்தம் குறைந்ததாக நினைவில்லை. விருந்தாளி எண்ணெய்த் தலையோடு வந்தால் ஏறத்தான் செய்தது. நினைவாற்றல் பெருகும் என்கிறார்கள். அதைச் சொன்னவளே மறுவாரமும் அதைச் சொன்னாள். கணிதம் வளரும் என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை 1997-ல், காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் ஒரு வளைபரப்பை, ஒவ்வொரு வரிசையிலும் கண்களைக் கூட்டிக்கொண்டே போய்க் குரோஷாவில் செய்து காட்டினார். விளிம்பு மடிப்பு மடிப்பாகச் சுருண்டுகொள்ளும். அதே உத்தியில் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005-லிருந்து ஒரு பவளப்பாறையையே பின்னிக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா திருடி வந்த விரிப்பு தொப்பியாய்க் குவிந்ததற்கு நேர் எதிர்க் கணக்கு இது. அங்கே கண்கள் குறைவு, இங்கே கூடுதல். ஒன்று பாளையங்கோட்டையில் பரணுக்குப் போனது, மற்றது அருங்காட்சியகத்துக்கு.

நியாயம் தேடுவதில் பெண்களைவிடத் தவித்துப்போனவன் எங்கள் குழுவின் திருப்பூர்த் தம்பி. பகலெல்லாம் பனியன் கம்பெனியில் பின்னல் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். மீட்டர் மீட்டராய்த் துணி ஓடும். ராத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையால் ஒவ்வொரு கண்ணாகக் கரடி பொம்மை பின்னுகிறான். வீட்டில் தெரிந்தபோது அவன் அம்மா அழுதிருக்கிறார். வரன் பார்க்கிற நேரம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிரிட்டிஷ் டைவிங் வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாய் இருந்த படம் வந்ததே, அதுதான் அவனைக் காப்பாற்றியது. பதக்கத்துக்கே ஓர் உறை பின்னிக்கொண்டார் அந்த மனிதர். படத்தைத் தம்பி அம்மாவிடம் காட்டியிருக்கிறான். “அவரு மெடல் வாங்கிட்டுப் பின்னறாருடா” என்றாராம் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் வீடியோ காலில் கூடுகிறோம். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னுவதால் யாருடைய முகமும் சரியாகத் தெரியாது; நெற்றிகள், மின்விசிறிகள், ஒரு வீட்டில் எப்போதும் பல்லி. பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. “நாலாவது வரிசை.” “ம்.” “குக்கர் எத்தன விசில்?” “எண்ணல.” இதற்கு டேட்டா செலவழிக்க வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் வாட்ஸப்பில் பள்ளித் தோழர்கள் குழுவில் இருக்கிறார். அங்கே நாட்டைக் காப்பாற்றுகிறார்கள்.

இப்போது எங்களுக்கு இருக்கும் ஒரே பிரச்சினை தூத்துக்குடிக்காரிதான். மீந்த நூல்களையெல்லாம் வைத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை பின்ன ஆரம்பித்தாள். நிறத்துக்குக் கணக்கு இல்லை, டிசைன் இல்லை. பின்பக்கம் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஹாலில் தொடங்கியது அடுக்களை வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது. படம் போட்டதும் குழு கூடிவிட்டது. மஃப்ளர் என்றார்கள் சிலர். வாசல் தோரணம் என்றார்கள். நடுவில் தைத்துச் சேர்த்தால் பாய் ஆகும், ஆன்லைனில் நல்ல விலை என்றாள் ஒருத்தி. நீளத்தை அளந்து கின்னஸுக்கு எழுதிப் போடுங்கள் என்று யோசனை வந்தது. “சிஸ், உண்மையிலேயே இது எதுக்கு?”

“தெரியல” என்று எழுதினாள். “நூல் தீந்தா நிறுத்திருவேன்.”

மறுவாரமே திருப்பூரிலிருந்து அவளுக்கு ஒரு பார்சல் போயிருக்கிறது, கோன்களில் மிஞ்சிய அடிநூல். கோயம்புத்தூரிலிருந்து ஒன்று, சேலத்திலிருந்து இரண்டு. ஊட்டியிலிருந்து யாரோ ஒரு மூட்டையே அனுப்பிவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை அவள் கணவர் குழுவின் அட்மினுக்கு மிகவும் பணிவாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: வீட்டில் நடக்க இடமில்லை, தயவுசெய்து இனி யாரும் நூல் அனுப்ப வேண்டாம். அட்மின் அதைக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி மேலே குத்தி வைத்தார். முதல் பதில் என்னுடையதுதான்: அவளிடம் ஆரஞ்சு நிறம் குறைவாக இருக்கிறது, கொரியருக்குக் கொடுத்தாயிற்று, திங்கட்கிழமை வந்து சேரும்.